மூக்குக்குள்ள ஒரு குச்சி: பிள்ளைங்களை ஸ்வாப் டெஸ்டுக்கு எப்படித் தயார் பண்றது?

இன்னைக்கு எபிசோட், சில விநாடியில முடிஞ்சுபோற ஒரு விஷயத்தைப் பத்தி. ஸ்வாப் டெஸ்ட். கேக்குற உங்கள்ல பாதிப்பேருக்கு கல்யாணமே ஆகலைன்னு தெரியும். ஆனா அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளைன்னு யாராவது இருப்பாங்க. திடீர்னு காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுற ஆள் பல நேரம் நாமதான்.

எங்க தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22. நாலே மாசத்துல ஊரடங்கு வந்துருச்சு. வீட்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ்னா மொத்தக் குடும்பமும் வரிசையில நின்னுச்சு, பிள்ளைகளும் சேர்த்து. அந்தக் காலம் போயிருச்சு, குச்சி போகல. இன்ஃப்ளூயன்ஸாவா, தொண்டையில பாக்டீரியா தொற்றான்னு பார்க்க இன்னைக்கும் அதே குச்சிதான்.

முதல்ல, உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியணும். சில டெஸ்டுக்கு மூக்கோட முன்பக்கத்துலயே தடவி எடுப்பாங்க. சிலதுக்கு மூக்கும் தொண்டையும் சேர்ற இடம் வரைக்கும் குச்சி போகணும். மூக்குத் துவாரத்துல இருந்து காது துவாரம் வரைக்கும் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம். குச்சி மூளைப் பக்கமா மேல போகுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது தப்பு. மூக்கோட தரை தட்டையா பின்னாடி போகுது, குச்சியும் அந்த வழியாத்தான் போகும். பிள்ளை தலையை உதறினா குச்சி பக்கத்துல இடிக்கும், அப்பதான் வலி கூடும். கண்ணுல தண்ணி வர்றது அனிச்சைச் செயல், பெரியவங்களுக்கும் வரும். தொண்டையில எடுத்தா குமட்டும். அதனால அதுக்கு முன்னாடி வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம்.

ஆனா பிள்ளைங்க அலறுறதுக்குக் காரணம் வலி மட்டும் இல்ல. என் அக்கா பையனுக்கு அப்ப அஞ்சு வயசு. ஒரு டெஸ்ட் சென்டர்ல நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சு எடுத்தாங்க. சாம்பிள் கிடைச்சுருச்சு. அதுக்கப்புறம் காய்ச்சல் பார்க்க தெர்மாமீட்டரை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போயிருவான். மாஸ்க் போட்ட யாரைப் பார்த்தாலும் ஆச்சி சேலைக்குள்ள ஒளிஞ்சுக்குவான். இதுதான் உண்மையான நஷ்டம். ஒரு டெஸ்டை பலவந்தமா முடிச்சா, அடுத்து வர்ற ஊசி, பல் டாக்டர், எல்லாமே கஷ்டமாயிரும்.

இதுக்கான வழி எங்க ஊர்க்காரங்களுக்கு ஏற்கனவே தெரியும். சீசன்ல குற்றாலம் போய்ப் பாருங்க. சின்னப் பிள்ளையை யாரும் எடுத்த எடுப்புல மெயின் அருவிக்குள்ள தள்ள மாட்டாங்க. முதல்ல சாரல்ல நிப்பாட்டுவாங்க. அப்புறம் கால் நனையும். அப்பா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "தலையில தண்ணி விழும், மூச்சை அடக்கிக்கோ, மூணு எண்ணுனதும் வெளிய வந்துருவோம்"னு சொல்லிட்டுத்தான் உள்ள போவாரு. என்ன நடக்கும்னு சொல்றது, பிடிச்சுக்கிறது, எப்ப முடியும்னு சொல்றது. ஸ்வாபுக்கும் இந்த மூணும்தான்.

அடுத்த தடவை அவனுக்கு டெஸ்ட் எடுக்கணும்னு வந்தப்ப, நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தாம வீட்ல ஒரு டெஸ்ட் ரன் வச்சோம். கரடி பொம்மைக்குக் காய்ச்சல். டாக்டர் அவன். காது குடையுற பட்ஸை பொம்மை மூக்குல தொட்டு பத்து எண்ணினான். பொம்மைக்கு மட்டும்தான், பிள்ளை மூக்குல நாமளே எதையும் விட்டுப் பார்க்கக் கூடாது. "மாமா, வலிக்குமா?"ன்னு கேட்டான். "ஒரு மாதிரி எரியும்ல மாப்ள, கண்ணுல தண்ணி வரும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும்"னு சொன்னேன். வலிக்கவே வலிக்காதுன்னு சொன்னா, குச்சி உள்ள போன அடுத்த விநாடி நம்ம மேல இருக்கிற நம்பிக்கை போயிரும்.

அங்க போனதும் படுக்க வைக்காதீங்க. மடியில உட்கார வையுங்க. அவன் முதுகு உங்க நெஞ்சுல சாஞ்சிருக்கட்டும். ஒரு கையால அவன் ரெண்டு கையையும் சேர்த்து அணைச்சுக்கோங்க, இன்னொரு கை நெத்தியில. ஆடாம இருக்கிறதுக்கு அதுவே போதும். எந்த மூக்குல முதல்ல, யார் எண்ணுறதுன்னு அவனே முடிவு பண்ணட்டும். டெஸ்ட் எடுக்கணுமா வேண்டாமான்னு மட்டும் கேட்காதீங்க, அது அவன் கையில இல்ல.

"பயப்படாத, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு திரும்பத் திரும்பச் சொல்றதும் பெருசா உதவாது. ஏதோ இருக்கப் போய்த்தான் இப்படிச் சொல்றாங்கன்னு பிள்ளைக்குத் தோணும். பேச்சை மாத்துங்க. ஊசி போடும்போது பிள்ளைங்களுக்கு எது உதவுதுன்னு 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2018-ல காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டுச்சு. கவனத்தைத் திருப்புறதும் மூச்சுப் பயிற்சியும் அதுல நல்ல பலன் காட்டுச்சு. ஸ்வாப் ஊசி இல்லதான். ஆனா பயம் அதே ஜாதிப் பயம்தான். ஒரு கதை, ஒரு வீடியோ, மெதுவா வாயால ஊதுறது, எது வேணா பண்ணுங்க.

ரொம்ப முரண்டு பிடிச்சா அஞ்சு நிமிஷம் தள்ளி எடுக்கலாமான்னு கேளுங்க. மூக்கோட முன்பக்கத்துல எடுத்தாப் போதுமான்னு கேளுங்க. எல்லா டெஸ்டுக்கும் அது முடியாது, ஆனா கேட்கிறதுல தப்பே இல்ல. "அழுதா ஊசி போட்ருவாங்க"ன்னு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், ஆச்சியே சொன்னாலும் தடுத்துருங்க.

முடிஞ்சதும் இன்னொரு வேலை இருக்கு. "எவ்வளவு அழுத பார்த்தியா"ன்னு கிண்டல் பண்ணாதீங்க. "பத்து வரைக்கும் நீயேதான எண்ணுன?"னு கேளுங்க. பிள்ளை மனசுல அடுத்த தடவைக்குத் தங்கப்போறது அந்தக் கதைதான். எங்க வீட்டு மாப்ளையும் அன்னைக்கு அழத்தான் செஞ்சான். ஆனா யாரும் அமுக்கிப் பிடிக்கல, ஏழு வரைக்கும் எண்ணிட்டு அழுதான். எங்களுக்கு அது போதும்.

உங்க வீட்ல வேற ஏதாவது உத்தி வேலை செஞ்சிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.