பயாஸை மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிங்க

செகண்ட் இயர்ல திருவொற்றியூர் வீட்டுல டெஸ்க்டாப்புக்கு பயாஸ் அப்டேட் போட்டேன். பாதியில கரண்ட் போச்சு. அவ்வளவுதான், போர்டு செத்துப்போச்சு. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் சிப் மேல ஒரு கிளிப் மாட்டி, திரும்ப எழுதிக் கொடுத்தார். பயம் அன்னைக்குத்தான் போச்சு.

பயாஸ் இருக்கிறது எட்டு கால் உள்ள ஒரு சின்ன பிளாஷ் சிப்ல. அதுல நிறுவனத்தோட பயாஸுக்குப் பதிலா ஓப்பன் சோர்ஸான கோர்பூட்டையும் போடலாம். 1999-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் 'லினக்ஸ்பயாஸ்' என்று தொடங்கியது இது. 2008-ல் பெயர் மாறியது. குரோம்புக்குகளில் ஓடுவதும் இதுதான்.

உங்க போர்டு கோர்பூட் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. இன்டெல் நாலாவது தலைமுறையிலிருந்து பல லேப்டாப்ல பூட் கார்டு இருக்கு. நிறுவனத்தோட கையெழுத்து இல்லாத பயாஸை அது ஓட விடாது. செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கிற திங்க்பேட் எக்ஸ்230-ல அந்தத் தொல்லை இல்ல. அதுல 8 எம்பி, 4 எம்பின்னு ரெண்டு சிப். ஸ்கிரீன் பக்கம் இருக்கிற 4 எம்பி சிப்ல மட்டும் எழுதினா போதும். லேன் மேக் முகவரி இன்னொன்னுல பத்திரமா இருக்கும்.

சார்ஜர், பேட்டரி, காயின் செல் மூணையும் கழட்டுங்க. சிப் நம்பரை போன் கேமராவில் பெரிதாக்கிப் படிச்சு வோல்டேஜ் பாருங்க. இந்த சிப் 3.3 வோல்ட், புது மாடல் சிலதுல 1.8. மலிவான கருப்பு சிஎச்341ஏ புரோகிராமர்ல டேட்டா பின்கள் 5 வோல்ட் தரும், ஜாக்கிரதை. ராஸ்பெர்ரி பை 3.3-தான், பயமில்லை.

முக்கியமான விஷயம்: எழுதுறதுக்கு முன்னாடி பிளாஷ்ராம்ல பழைய பயாஸை ரெண்டு தடவை படிச்சு, ரெண்டு ஃபைலோட ஹேஷும் ஒண்ணான்னு பாருங்க. வேற வேறயா வந்தா கிளிப் சரியா உட்காரல. நம்ம ஏரியா உப்புக்காத்துல சிப் கால் கறுத்துப்போயிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு மறுபடி மாட்டுங்க. ஒத்துப்போனா அந்த பேக்கப்பை பென்டிரைவ்ல வைங்க, அதே லேப்டாப்ல இல்ல!

கோர்பூட் தனியா ஓஎஸ்ஸை எழுப்பாது. சீபயாஸ் மாதிரி ஒரு பேலோடு சேர்த்து பில்ட் பண்ணணும். எழுதினதும் பிளாஷ்ராமே சரிபார்த்துச் சொல்லும். முதல் பூட்ல மெமரியைப் பழக்க நேரம் எடுக்கும், ஸ்கிரீன் கறுப்பா இருக்கும். பதறாதீங்க.

அப்படியும் வரலையா? பேக்கப் இருக்கே, திரும்ப எழுதுங்க. கரண்ட் போற ஊர்ல நமக்கு இருக்கிற தைரியம் அந்த ஒரு ஃபைல்தான்.