தங்கவயலில் தைக்கும் தாய்மார்கள்: ஒரு கவுனுக்கு என்ன விலை வைப்பது?

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் முதல் ரயில் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறது. சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என ஒவ்வொரு நிலையத்திலும் ஏறுகிறவர்களில் பெண்கள் நிறைய. பெங்களூரின் கார்மென்ட்ஸ் ஆலைகளில் ஊர் உலகத்துக்கெல்லாம் சட்டை தைத்துக்கொடுத்துவிட்டு இருட்டிய பிறகே வீடு திரும்புவார்கள். ரயிலில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கைக்குழந்தை இருந்தால் இந்த வாழ்க்கை முடியாது. அதனால்தான் கோலார் தங்கவயலில் பல வீடுகளில், பிள்ளை பிறந்ததும் ஆலை வேலை நின்று, ஜன்னலோரத்தில் ஒரு தையல் மிஷின் வந்து உட்காருகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜபலா, கவுன், பாவாடை சட்டை என்று தொடங்கும் அந்த வேலை எப்போது தொழிலாக நிற்கிறது, எப்போது தாயின் உழைப்பைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறது என்பதை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், இந்த ஊரில் இது ஏன் பெண்களின் தலையில் விழுந்தது? 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து ஊரின் சம்பளம் ஆண்களின் சம்பளமாகவே இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்களின் ஆண்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். பூமிக்கடியில் பெண்களை வேலைக்கு வைக்க 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே தடை போட்டிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவை மூடியபோது போனது ஆண்களின் வேலை. அதற்குப் பிறகு அடுப்பு எரிந்ததில் பெரும் பங்கு ரயில் ஏறிய பெண்களுடையது. அந்தப் பெண்களுக்கு யாரும் மாலை போடவில்லை.

ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்குமே என்று சிலர் கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டமும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இதையே சொல்லி, விடுப்பையும் 26 வாரமாக்கியது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளையைப் போர்வையில் சுற்றி, விடியாத ரயிலில் நெரிசலுக்குள் கொண்டுபோய் பெங்களூர் காப்பகத்தில் விட்டு, இரவில் திரும்பத் தூக்கிவர எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆலையோடு ஒட்டிய காப்பகம் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கே பயன்படும். தங்கவயல் தாய்க்குத் தேவை தங்கவயலில் இருக்கும் காப்பகம்.

கணக்கு

வீட்டுத் தையலில் தோற்பவர்கள் தைக்கத் தெரியாமல் தோற்பதில்லை. விலை சொல்லத் தெரியாமல் தோற்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு லைனிங் வைத்த ஒரு பருத்தி கவுனை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மேல்துணி ஒன்றேகால் மீட்டர், மீட்டர் 140 என்றால் 175 ரூபாய். லைனிங் முக்கால் மீட்டர், மீட்டர் 60 வீதம் 45. நூல், பட்டன், கொக்கிக்கு 20. கவர், கரண்ட், ஊசி, மிஷின் எண்ணெய்க்கு 15. ஆக, கையிலிருந்து போவது 255 ரூபாய்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்தி, மேலே ஒரு நூறு ரூபாய் வைத்து 350 என்று சொல்லிவிடுகிறார்கள். வெட்ட அரை மணி, மிஷினில் ஒன்றரை மணி, எம்மிங், காஜா, கையால் போடும் பூவேலை ஒரு மணி என்று அந்தக் கவுனில் மூன்று மணி நேரம் இருக்கிறது. 350க்கு விற்றால் மூன்று மணி நேரத்துக்கு மிஞ்சுவது 95 ரூபாய், அதாவது மணிக்கு 32 ரூபாய்கூட இல்லை. தன் நேரத்துக்கு மணிக்கு 70 ரூபாய் என்று வைத்தால் கூலி 210, அடக்கம் 465. கெட்டுப்போகும் துணி, விற்காமல் தங்கும் உருப்படி இவற்றுக்காகப் பத்து சதவீதம் சேர்த்தால் 510 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். அதுதான் நேர்மையான விலை. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் இதைவிடக் குறைந்த விலைக்கு ரெடிமேட் தொங்குகிறதே என்றால், தொங்கட்டும். அந்த விலையோடு மல்லுக்கு நிற்பது வீண். கடைக்காரரால் தர முடியாதது எது என்று பாருங்கள். பிள்ளையின் உடம்பைத் தொட்டு எடுத்த அளவு. பளபளக்கும் நெட் துணி தோலில் உரசாதபடி உள்ளே முழுக்கப் பருத்தி. பிசிறு குத்தாமல் இரண்டு முறை மடித்து அடித்த தையல். பாவாடையின் அடியில் இரண்டு பிடிப்பு வைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடும் நம் வீடுகளின் பழைய வழக்கம் இருக்கிறதே, அதைக் காட்டிச் சொன்னாலே ஒரு தாய் கேட்ட விலையைக் கொடுப்பார், ஏனென்றால் அந்தப் பாவாடை இரண்டு வருஷம் உடுத்தும். ஞானஸ்நானம், புதுநன்மை, காதுகுத்து, முதல் பிறந்தநாள் போன்ற நாட்களுக்கு ஊர் தேடி வருவதும் கையால் தைத்ததைத்தான்.

இனி இன்னொரு கணக்கு. நான் சொல்ல வந்ததே இதுதான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தொந்தரவில்லாமல் மிஷினில் உட்கார ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 15 மணி நேரம், ஐந்து கவுன், கூலி 1,050 ரூபாய். நான்கு வாரத்துக்கு 4,200. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஆளோ இடமோ இருந்து அந்த மூன்று மணி ஆறானால் 8,400. புதிதாக ஒரு பவர் மிஷின் வாங்கினால் தையல் நேரம் கொஞ்சம் குறையும், வருமானம் இரட்டிப்பாகாது. ஆனாலும் மிஷினுக்குக் கடன் கொடுக்க வீடு தேடி ஆள் வருகிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை திறக்கத்தான் யாருமில்லை. வீட்டிலிருந்தே தைப்பதால் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள், இரண்டு வேலையை ஒரே கூலிக்குக் கேட்கிறார்கள்.

பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது

வேலையைப் பிரித்து வைப்பது பெரிய உதவி. கத்தரி, குண்டூசி வேண்டிய வெட்டு வேலை பிள்ளை தூங்கும்போது மட்டும். ஒரே உட்காரலில் 16, 18, 20 என்ற அளவுகளில் நாலைந்து உருப்படிகளை வெட்டிக் கட்டி வைத்துவிட்டால் மறுநாள் பாதி நேரம் மிச்சம். மிஷின் வேலை பிள்ளை அங்கன்வாடியில் இருக்கும் நேரத்தில். பிள்ளையோடு உட்கார்ந்து செய்யலாம் என்றால் கொக்கி கட்டுவது, எம்மிங் போன்றவைதான். அதிலும் ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். மோட்டார் மிஷினின் பிளக்கை எழுந்திருக்கும்போதெல்லாம் பிடுங்கிவிடுங்கள். பெடல் மீது பிள்ளை கால் வைப்பதற்கு ஒரு நொடி போதும்.

தைத்த உடுப்பும் பிள்ளைக்கு ஆபத்தாகக் கூடாது. கழுத்திலும் தலைக்குல்லாயிலும் இழுத்துக் கட்டும் நாடா வேண்டாம். சறுக்குமரத்திலும் வண்டிக் கதவிலும் நாடா மாட்டிப் பிள்ளைகள் இறந்ததால், அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இலேயே அதைத் தவிர்க்கச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பாவிலும் இதற்கென்று தர விதி உண்டு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மைகளில் உள்ள சின்னப் பாகங்களைச் சோதிக்க அங்கே 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக விழும் எதுவும் தொண்டையை அடைக்கும் என்பது கணக்கு. நம் பட்டன், முத்து, மணி எல்லாமே அதற்குள் விழும். ஆகவே கைக்குழந்தை உடுப்பில் அவை வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் இழுத்தால் வராதபடி கட்டுங்கள். புற்றுநோய் அபாயமுள்ள சில அசோ சாயங்களை இந்தியா 1997இல் தடைசெய்தது. என்றாலும் எந்தச் சாயம் என்று தெரியாத மலிவான கட்பீஸைப் பிறந்த குழந்தைக்கு எடுக்காதீர்கள். பருத்தித் துணி எதுவானாலும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று இரண்டும் அப்போதே தெரிந்துவிடும்.

தங்கவயலுக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் சைனைட் மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. பிள்ளை உடுப்புக்கான துணியை வெளியே கொடியில் விடாதீர்கள். தைத்ததை மூடிய பெட்டியில் வைத்து, கொடுக்கும் முன் ஒருமுறை அலசி இஸ்திரி போடுங்கள். அந்த மேடுகளுக்கு ஒரு நிரந்தரத் தீர்வு இல்லாமல் ஊர் இத்தனை ஆண்டுகள் தூசி குடிப்பது பெரிய அநீதி. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

கடனும் வரியும்

மிஷின் வாங்க வாரத் தவணைக் குழுக் கடனில் விழாதீர்கள். கவுன் பணம் வாரா வாரம் வராது, தவணை தவறாமல் வரும். கடன் வசூலில் நடந்த கொடுமைகளால் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டமே போட வேண்டிவந்தது. கடன் எடுக்கும் முன் அரசுத் திட்டங்களைக் கேட்டுப் பாருங்கள். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிறகு ஐந்து சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம் வரை கடன். குடும்பத்துக்கு ஒருவர்தான். கர்நாடக மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் உத்யோகினி திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்குக் கடனில் பாதி மானியம் உண்டு. உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். துணி எடுக்க பெங்களூர் சிக்பேட்டைக்குப் போவதென்றால், 2023 ஜூன் முதல் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை.

ஜிஎஸ்டி பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. ஆனால் தங்கவயல் எல்லையோர ஊர். உறவெல்லாம் குடியாத்தம், ஆம்பூர், ஓசூர், குப்பம் என்று மாநிலத்துக்கு அப்பால். தைத்த கவுனை விலைக்குப் பார்சலில் அங்கே அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. பொதுவாக அதற்கு விற்பனை எவ்வளவு குறைவானாலும் பதிவு கேட்பார்கள். பட்டியலிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் உடுப்பு அதில் வருமா என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரே துணி கொடுத்து நீங்கள் தைத்துக் கொடுத்தால் அது பொருள் விற்பனை ஆகாது, சேவை. சேவைக்கு 20 லட்சம் வரை மாநிலம் கடந்தாலும் பதிவு வேண்டியதில்லை. இணையச் சந்தைகளில் பதிவில்லாமல் விற்க 2023 அக்டோபர் முதல் வழி உண்டு, அதுவும் மாநிலத்துக்குள் மட்டும்.

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாக வரும் மூன்று மாதமே இந்தத் தொழிலின் அறுவடை. கிறிஸ்துமஸுக்கு இந்த ஊரில் எந்த மதத்து வீடானாலும் புதுத்துணி ஆசை இருக்கும். வாரத்துக்கு ஐந்து கவுன் தைக்கும் கை, அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் பாதி வரை ஐம்பத்தைந்துக்கு மேல் தைக்காது. ஐம்பத்தாறாவது ஆர்டருக்கு முடியாது என்று சொல்லுங்கள். பாதி முன்பணம் இல்லாமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.

வீட்டிலிருந்து தைக்கும் பெண்களும் தொழிலாளர்களே என்று 1972 முதல் அகமதாபாதில் எலா பட் தொடங்கிய சேவா அமைப்பு போராடி நிலைநாட்டியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டுறவு முறையில் காப்பகங்களும் அது நடத்தியது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. கர்நாடக அரசு கிராமப் பஞ்சாயத்துகளில் கூசின மனெ என்ற பெயரில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் திறந்தது. தங்கவயல் நகரசபைப் பகுதி, பஞ்சாயத்து இல்லை. அங்கன்வாடியோ மூன்று வயதுக்குப் பிறகுதான் பிள்ளையை உட்கார வைக்கிறது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை தங்கவயல் தாய்க்குத் துணை அவள் மாமியாரோ அம்மாவோ மட்டும்தான். அவர்களும் இல்லாதவளுக்கு யாருமில்லை.

நகரசபைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு கோரிக்கை: ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் பகுதிகளில் வார்டுக்கு ஒரு காப்பகம் திறவுங்கள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. உடுப்பு வாங்கும் தாய்மார்களுக்கும் ஒன்று: பேரம் பேசுவதானால் துணி விலையில் பேசுங்கள், தையல் கூலியில் பேசாதீர்கள். கிறிஸ்துமஸ் கவுனுக்கான ஆர்டரை அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள்.