ஆயிரங் குன்றுகளின் வானொலி

வானொலியிற் பேசுமாறு அழைக்கப்பட்ட ஒருவன், வானொலி விளைத்த பெருங் கேடொன்றைப் பற்றிப் பேசப் புகுவது, விருந்துக்குச் சென்ற வீட்டில் நச்சுணவைப் பற்றிப் பேசுவது போலத் தோன்றலாம். ஆயினும், பூசலை மூட்டுவதிலும் அமைதியைக் கட்டியெழுப்புவதிலும் வெகுசனத் தொடர்புச் சாதனங்களுக்குள்ள பங்கு யாது என்னும் வினாவுக்குப் பொதுப்பட விடையிறுப்பதிலும் பார்க்க, ஒரு நாட்டில் நிகழ்ந்ததை எடுத்துரைப்பதே பயனுடைத்து எனக் கருதுகின்றேன். அந்நாடு ஆபிரிக்காக் கண்டத்தின் நடுவேயுள்ள ருவாண்டா.

இலங்கையின் பரப்பில் அரைப்பங்குகூட இல்லாத சிறு நாடு அது. எங்கு நோக்கினும் குன்றுகள்; ஆதலால் ஆயிரங் குன்றுகளின் நாடு என்று அதற்கு ஒரு பெயருமுண்டு. அங்கு வாழும் ஹூட்டு மக்களும் டுட்சி மக்களும் பேசுவது ஒரே மொழி. குடியிருப்பது ஒரே குன்றின் சரிவு. வணங்குவதும் பெரும்பாலும் ஒரே தேவாலயத்தில். இரு பிரிவாருக்குமிடையே முன்னரும் ஏற்றத்தாழ்வு இருந்ததாயினும், 1930களிற் பெல்ஜிய ஆட்சியினர் ஒவ்வொருவர் கையிலும் இனம் குறித்த அடையாள அட்டையைக் கொடுத்தபோது, அவ்வேற்றுமை கல்லில் வெட்டிய எழுத்தாயிற்று. 1990 ஒக்டோபரில், அயல்நாடான உகண்டாவிலிருந்து டுட்சி அகதிகளின் படையொன்று உள்நுழைய, உள்நாட்டுப் போர் மூண்டது.

போர் நடந்துகொண்டிருக்கையில், 1993 யூலையிற் கிகாலி நகரில் ஒரு தனியார் வானொலி தொடங்கிற்று. அதன் பெயரிலேயே ஆயிரங் குன்றுகள் இருந்தன. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதனை ஆர்.ரி.எல்.எம். என்பர். அதுவரை மக்கள் கேட்டுவந்த அரசாங்க வானொலி, அலுவலகத்துச் சுற்றறிக்கையை வாசிப்பது போன்ற இறுகிய குரலுடையது. புதிய வானொலியோ தெருமுனையிற் கூடி நிற்போர் பேசுவதுபோலப் பேசிற்று. கொங்கோ நாட்டு இசை, வேடிக்கை, ஊர்வம்பு, நேயர்கள் தொலைபேசியிற் கூறும் செய்தி எனப் பலவும் கலந்து வந்தன. கந்தானோ ஹபிமானா என்னும் அறிவிப்பாளரின் நகைச்சுவைக்காக டுட்சி மக்களுங்கூடப் பெட்டியைத் திருகினர்.

இதனை நான் விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. வெறுப்பைப் பரப்புவோர் எப்பொழுதும் பல்லைக் கடித்துக்கொண்டு வருவர் என நாம் எண்ணுகின்றோம். அவ்வாறு வந்திருப்பின் எவரும் செவிகொடுத்திரார். அது சிரித்துக்கொண்டு வந்தது, வீட்டாருள் ஒருவன்போல் வந்தமர்ந்தது, நம்பிக்கையைப் பெற்றது. அதன் பின்னரே, ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் இடையில், கிளர்ச்சிப் படையினர்க்கு முன்னர் இடப்பட்டிருந்த ‘கரப்பான்பூச்சி’ என்னும் பெயரை மெல்ல மெல்ல டுட்சி மக்கள் அனைவர்மீதும் ஏற்றிற்று.

அவ்வானொலியைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் பேர்டினண்ட் நஹிமானா. அவர் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த பேராசிரியர். 1992 மார்ச்சில், அவர் அரசாங்கத் தகவற் பணியகத்தின் தலைவராயிருந்த வேளையில், ஹூட்டுத் தலைவர்களைக் கொல்லச் சதி நடப்பதாக ஒரு பொய்யறிக்கை அரசாங்க வானொலியில் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து புகெசெரா என்னும் பகுதியில் நூற்றுக்கணக்கான டுட்சியர் கொல்லப்பட்டனர். நானும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வரலாறு கற்பித்து வருபவன். கற்றவர் ஒருவர் தீமை செய்தார் என்பதன்று என்னை வருத்துவது. பழைய நிகழ்ச்சிகளுள் எதனை எடுத்துரைப்பது, எதனை விடுப்பது என்று தெரிந்தெடுக்கும் திறனை நாங்கள் வகுப்பறையில் நாடோறும் கையாள்கின்றோம். அங்கும் கையாளப்பட்டது அதே திறன்தான்.

1994 ஏப்பிரல் 6ஆந் திகதி சனாதிபதி ஹபியாரிமானா பயணஞ்செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே கொலைகள் தொடங்கின. ஏறத்தாழ நூறு நாள்களில் மாண்டோர் தொகையை ஐந்து இலட்சம் முதல் எட்டு இலட்சத்துக்கு மேல் வரை பலவாறாக மதிப்பிடுவர். கொலைக்கு உடன்படாத ஹூட்டு மக்களும் அத்தொகையில் அடங்குவர். வேடிக்கை பேசிய அதே வானொலி, இப்பொழுது மறைந்திருப்போரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் அவர்கள் ஏறிச்சென்ற வாகனங்களின் இலக்கங்களையும் வாசித்தது. வீதித்தடைகளில் நின்றோர் ஒரு கையில் வெட்டுக்கத்தியும் மறு கையில் வானொலிப்பெட்டியுமாக நின்றனர்.

அவ்வொலிபரப்பைத் தடுத்திருக்கலாகாதா? ஐக்கிய நாடுகள் படையின் தளபதி டலெயர் அதனைக் கேட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமோ, அலைகளைக் குழப்பும் விமானம் ஒரு மணிநேரம் பறக்க ஏறத்தாழ 8,500 டொலர் செலவாகும், அதனாற் பயனும் விளையாது என்று 1994 மே 5ஆந் திகதிக் குறிப்பொன்றில் எழுதித் தட்டிக்கழித்தது. உலகச் செய்தியாளர் பலர் அவ்வேளை தென்னாபிரிக்காவின் தேர்தலைக் காணக் குவிந்திருந்தனர். ருவாண்டாவில் நிகழ்ந்ததைப் பழைய இனச்சண்டை என்று ஓரிரு வரிகளில் முடித்த ஏடுகள் பல. அந்நாள்களில் ஆசிரியத் தொழிலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நானும் அச்செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவனே. கூவிய வானொலி ஒருபுறம், வாய்மூடிய செய்தித்தாள் மறுபுறம். இரண்டில் எது பெரிய பிழை என்று எனக்குத் தீர்ப்புக் கூற இயலவில்லை.

எனினும், வானொலி ஒன்றே எல்லாவற்றையும் செய்தது என்பது பொருந்தாது. ஸ்கொட் ஸ்ட்ராவுஸ் என்னும் ஆய்வாளர் தண்டனை பெற்ற கொலைஞர் 210 பேரைச் சிறைகளிற் கண்டு வினவினார். அவர்களுட் பெரும்பாலோர் வானொலியைக் கேட்டு எழுந்தவரல்லர். ஊர்த் தலைவரோ அயலவரோ வாசலில் வந்து அழைக்கச் சென்றவர்கள். யனகிசாவா-துரொட் என்னும் பொருளியலறிஞர் வேறு வழியில் ஆராய்ந்தார். பண்பலை ஒலிபரப்புக் குன்றுகளை எளிதிற் கடவாது. ஆதலால் ஓர் ஊருக்கு ஒலி எட்டிற்று. அடுத்த ஊரைக் குன்று மறைத்தது. இரண்டையும் ஒப்புநோக்கி, கொலையில் ஈடுபட்டோருட் பத்தில் ஒரு பங்கினர் அவ்வானொலியின் தாக்கத்தினால் ஈடுபட்டனர் என்று 2014இல் எழுதினார். பத்தில் ஒன்று சிறிதாகத் தோன்றலாம். அவர் கணக்கின்படி அது ஏறத்தாழ 50,000 பேர்.

பின்னர் தான்சானியாவின் அறூஷா நகரில் ஐக்கிய நாடுகளின் நீதிமன்றம் விசாரித்தது. மூவர் கொண்ட அந்த ஆயத்திற்குத் தலைமை வகித்தவர், தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த நவநீதம் பிள்ளை. எவ்வித ஆயுதமும் ஏந்தாமலே ஆயிரக்கணக்கானோர் சாவுக்குக் காரணராயினார் என்று நஹிமானாவை நோக்கிக் கூறி, 2003 டிசெம்பர் 3ஆந் திகதி அவருக்கு ஆயுட்கால மறியல் விதித்தது மன்று. 2007இல் மேன்முறையீட்டு ஆயம் அதனை முப்பது ஆண்டுகளாகக் குறைத்தது; ஏப்பிரல் 6இற்கு முந்திய ஒலிபரப்புகளைக் கொலைக்கு நேரடித் தூண்டுதலாகக் கொள்ளவுமில்லை. வெறுப்பைப் பேசுதல் வேறு, கொல்லெனத் தூண்டுதல் வேறு என்னும் அந்தக் கோடு சட்டத்துக்கு வேண்டியதே. ஆனாற் கேட்பவனின் செவி அக்கோட்டை அறியாது.

பத்தாண்டு கழித்து, 2004இல், அதே நாட்டின் வானொலியில் முசெகெவேயா, அதாவது ‘புதிய விடியல்’, என்னும் தொடர்நாடகம் தொடங்கிற்று. ஒல்லாந்து நாட்டு அமைப்பொன்றின் துணையோடு ருவாண்டா எழுத்தாளரே அதனை எழுதினர். காணிப் பற்றாக்குறையாற் பகைத்த இரண்டு ஊர்கள். பகைக்குப் பணிந்துபோகும் சிலர். எதிர்த்து வாய்திறக்கும் சிலர். ஊருக்கொருவராய்க் காதல்கொண்ட ஓர் இளைஞனும் பெண்ணும். ஹூட்டு, டுட்சி என்னும் சொற்கள் அதில் வருவதில்லை. கேட்போர்க்கு அவற்றைச் சொல்ல வேண்டியதுமில்லை.

எலிசபெத் லெவி பலக் என்னும் உளவியலறிஞர் இந்நாடகத்தை ஓராண்டுக் காலம் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார். சில ஊரார் இதனைக் கேட்டனர். வேறு சில ஊரார் உடல்நலம் பற்றிய நாடகமொன்றைக் கேட்டனர். ஆண்டிறுதியில், ‘புதிய விடியல்’ கேட்டோரின் உள்ளத்து நம்பிக்கைகள் பெரிதும் மாறவில்லை. காலைக் கூட்டங்களில் ஆண்டுக்கணக்காக உபதேசம் செய்து பழகிய எனக்கு இது சற்றே ஆறுதலளித்தது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் ஒன்று மாறியிருந்தது: மாறுபட்ட கருத்தை ஊரார் முன் சொல்லலாம் என்னும் எண்ணம் அவர்களிடம் வளர்ந்திருந்தது.

ஆய்வின் முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஒலிப்பதிவுப் பெட்டியும் அந்தந்த நாடகத்தின் ஒலிநாடாக்களும் பரிசாக வழங்கப்பட்டன. அவற்றை எவர் பொறுப்பில் வைப்பது? உடல்நல நாடகம் கேட்ட குழுக்களில், ஊர்ப் பொறுப்பாளரே வைத்திருக்கட்டும் என்று ஒருவர் கூற மற்றையோர் பெரும்பாலும் இணங்கிவிட்டனர். ‘புதிய விடியல்’ கேட்ட குழுக்களில் அதனை மறுத்துப் பேச ஒருவர் முன்வந்தார். பெட்டி எல்லார்க்கும் உரியதன்றோ என்றார். மற்றொருவர் வேறு யோசனை கூறினார். பெட்டிக்கு வேண்டிய மின்கலங்களை எவ்வாறு பொதுவாகப் பேணுவது என்று அவர்கள் பேசத் தொடங்கினர்.