பயற்றின் கண்ணைப் பாருங்கள்

பயறு பச்சை, உழுந்து கறுப்பு என்று நிறத்தைக் கொண்டு பிரிப்பதே நம் அடுக்களை வழக்கம். ஆனால் பச்சை நிற உழுந்தும் உண்டு, கறுத்த பயறும் உண்டு. அங்கே ஐயம் தீர்ப்பது வித்தின் ஓரத்திலுள்ள வெள்ளைக் கோடு. உழுந்தில் அதன் விளிம்பு மேடிட்டு, நடு குழிந்திருக்கும். பயற்றில் தோலோடு மட்டமாகக் கிடக்கும்.

காயினுள் வித்தைத் தாங்கிய சிறு காம்பு விட்டுச்சென்ற தழும்பு அது. கௌபியில் அதைச் சுற்றிக் கறுப்பாகவோ கபிலமாகவோ ஒரு வளையம் தெரியும். பொற்கொல்லர் தங்கம் நிறுத்த குண்டுமணியின் கரும்புள்ளியும் தழும்புள்ள முனையில்தான் இருக்கிறது. தழும்புக்குப் பக்கத்திலேயே ஒரு நுண்துளை. ஊறிய பயற்றை மெல்ல அழுத்தினால் அதன் வழியே ஒரு துளி நீர் கசியும். முளைவேரும் அந்தப் பக்கமாகவே வெளிவரும்.

தழும்பின் நடுவிலுள்ள பிளவு இன்னும் வியப்பானது. 1954இல் ஹைட் என்ற ஆய்வாளர் குளோவர், லூப்பின் வித்துகளில் அதை விளக்கினார். காற்று உலர்ந்தால் பிளவு திறந்து உள்ளீரத்தை வெளியே விடும். காற்றில் ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும். ஒருவழிக் கதவு அது. வித்து உலர்ந்துகொண்டே போகும், ஈரத்தைத் திரும்ப வாங்காது. தோலில் நெருக்கமாக நிற்கும் தூண் போன்ற கலங்களும் இறுகிவிட்டால், நீர் உட்புக வழியே இல்லை.

இரவு முழுதும் ஊறியும் சட்டியின் அடியில் கல்லாய்க் கிடக்கும் சில பயறுகள் இவைதாம். பழுதென்று எறிகிறோம். தோலை அரத்தாளில் சற்றே உரசி நீரில் இட்டால் அவையும் ஊதிப் பருக்கும்.

காட்டுப் பயற்றினங்களுக்கு இந்தப் பிடிவாதமே உயிர்க்காப்பு. யாழ்ப்பாணத்தில் சித்திரைச் சிறுமாரி பெய்து ஓயும். பின் மாதக்கணக்கில் வெயில். அந்த ஒரு மழையை நம்பி எல்லா வித்தும் முளைத்தால் எல்லாமே கருகிவிடும். இறுகிய வித்துகள் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். நாம் ஒரே நாளில் முளைக்கும் வித்துகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால், பயிர்ப் பயற்றில் அந்தக் குணம் பெரிதும் குறைந்துவிட்டது. உழவுக்கு அந்தக் குறைவு தேவைதான். ஆயினும் காட்டினங்களைப் பேணுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

காலபோக நெல் அறுத்த வயலில், எஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறு விதைப்பவர்கள் விதையை வாங்குமுன் ஒரு பிடியை வெளிச்சத்தில் பரப்பிப் பார்க்கவேண்டும். தழும்பு ஓரத்தில் மட்டுமே இருக்கும். அதை விட்டு விலகி, வழுவழுப்பான தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளி பயற்று வண்டின் முட்டை. குடம்பி முட்டையின் அடியிலேயே தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, வித்திலையைத் தின்று வளரும். வட்டத் துளை தெரிந்தால் வண்டு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. புள்ளி இருந்தாலே அந்த மூட்டையை வாங்கவேண்டாம்.