நொடிப்படங்களின் வட்டு இட அளவீடு

நொடிப்படங்களின் வட்டு இட அளவீடு என்பது, வலையமைப்புச் சேமிப்பகங்களில் எடுத்து வைக்கப்படும் நொடிப்படங்கள் (ஸ்னாப்ஷாட்) உண்மையில் எவ்வளவு வட்டு இடத்தைப் பிடித்து வைத்துள்ளன என்பதைக் கணக்கிடும் முறையாகும். நொடிப்படம் என்பது ஒரு கோப்பு முறைமை குறிப்பிட்ட ஒரு நொடியில் இருந்த நிலையை மாற்றமின்றிக் காட்டும் பதிவு ஆகும். தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பை மீட்கவும், பழைய நிலைக்குத் திரும்பவும் இது பயன்படுகிறது. ஒரே தரவைப் பல நொடிப்படங்கள் பகிர்ந்து கொள்வதால், அவற்றின் அளவைச் சாதாரணக் கோப்புகளின் அளவைப் போலக் கூட்டிப் பார்க்க இயலாது.

செயற்படும் விதம்

கோப்பு முறைமை தரவுகளைச் சிறு துண்டங்களாகப் பிரித்து வட்டில் எழுதுகிறது. நெட்ஆப் நிறுவனத்தின் வாஃபிள் கோப்பு முறைமையில் ஒரு துண்டம் 4 கிலோபைட்டு அளவுடையது. 1994-ஆம் ஆண்டு டேவ் ஹிட்சு, ஜேம்சு லாவ், மைக்கேல் மால்கம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இம்முறைமையையும் அதன் நொடிப்படங்களையும் விளக்கியது.

நொடிப்படம் எடுக்கப்படும்போது தரவு எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. அப்போதுள்ள துண்டங்களை அழிக்கலாகாது என்ற குறிப்பு மட்டுமே பதியப்படுகிறது. எனவே புதிதாக எடுத்த நொடிப்படம் ஏறத்தாழ இடமே பிடிப்பதில்லை. பின்னர் ஒரு கோப்பு மாற்றப்பட்டால், புதிய தரவு வட்டின் வேறொரு இடத்தில் எழுதப்படுகிறது. பழைய துண்டம் நொடிப்படத்தின் பொறுப்பில் அப்படியே எஞ்சுகிறது. இதனால் நொடிப்படம் காலப்போக்கில் வளர்வது போலத் தோன்றுகிறது. உண்மையில் நொடிப்படம் மாறுவதில்லை. நடப்புக் கோப்பு முறைமையே அதிலிருந்து விலகிச் செல்கிறது.

புதிய கோப்புகளைச் சேர்ப்பதால் ஏற்கனவே உள்ள நொடிப்படங்களின் அளவு கூடுவதில்லை. பழைய தரவை மேலெழுதுவதும் அழிப்பதுமே அவற்றை வளர்க்கின்றன.

ஒரு கேள்வி, மூன்று விடைகள்

ஒரு சேமிப்பகத்தில் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாட்களில் நண்பகலில் நொடிப்படங்கள் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். 10 கிகாபைட்டு அளவுள்ள 'அ' என்னும் கோப்பு தொடக்கம் முதலே உள்ளது, வியாழனன்று அழிக்கப்படுகிறது. 4 கிகாபைட்டு அளவுள்ள 'ஆ' என்னும் கோப்பு செவ்வாய்க் காலையில் உருவாக்கப்பட்டு அன்றிரவே அழிக்கப்படுகிறது. வேறு கோப்புகள் இல்லை. வியாழன் மாலையில் நொடிப்படங்கள் பிடித்துள்ள இடம் எவ்வளவு என்ற கேள்விக்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன.

முதலாவது, தோற்ற அளவு. யுனிக்ஸின் 'டியூ' கட்டளையை ஒவ்வொரு நொடிப்பட அடைவிலும் இயக்கிக் கூட்டினால் 10, 14, 10 என மொத்தம் 34 கிகாபைட்டு வரும். 'அ' கோப்பு மூன்று முறை எண்ணப்படுவதால் இது மிகையான அளவாகும்.

இரண்டாவது, தனியுரிய அளவு. ஒரு நொடிப்படத்தில் மட்டும் இருந்து, வேறெதிலும் இல்லாத தரவின் அளவு இது. திங்களுக்கு 0, செவ்வாய்க்கு 4, புதனுக்கு 0 என மொத்தம் 4 கிகாபைட்டு ஆகும். 'அ' கோப்பு மூன்றுக்கும் பொதுவானதால் எவரது கணக்கிலும் சேர்வதில்லை.

மூன்றாவது, கூட்டு அளவு. நொடிப்படங்கள் அனைத்தையும் அழித்தால் விடுபடும் இடம் இது. இங்கு 14 கிகாபைட்டு ஆகும். வட்டில் உண்மையாகப் பிடிக்கப்பட்டுள்ள இடமும் இதுவே.

இடம் போதாத நிலையில் திங்கள் நொடிப்படத்தை மட்டும் அழித்தால் இடம் எதுவும் விடுபடாது. அதன்பின் புதன் நொடிப்படத்தை அழித்தாலும் விடுபடாது. ஏனெனில் செவ்வாய் நொடிப்படம் 'அ' கோப்பைத் தாங்கி நிற்கிறது. ஆனால் இப்போது செவ்வாயின் தனியுரிய அளவு 4-இலிருந்து 14 ஆக உயர்ந்து விடும். ஒன்றை அழிக்கும்போது மற்றொன்று பருத்தது போலத் தோன்றுவது இப்பகிர்வினால்தான்.

முறைமைகளில் அளவீடு

2005-ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஓப்பன்சோலாரிசில் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை இவ்வளவுகளைத் தனித்தனியே காட்டுகிறது. ஒரு நொடிப்படத்திற்கு எதிரே 'பயன்பட்டது' என வருவது தனியுரிய அளவு. 'சுட்டப்படுவது' என வருவது அந்நொடிப்படம் வழியாக அணுகக்கூடிய தரவின் அளவு. அனைத்து நொடிப்படங்களின் கூட்டு அளவு கோப்பு முறைமையின் பண்பாகத் தனியே கிடைக்கிறது. அழிக்கும் கட்டளையை வெள்ளோட்டமாக இயக்கி, எதையும் அழிக்காமலேயே, ஒரு வரிசையிலுள்ள நொடிப்படங்களை நீக்கினால் விடுபடும் இடத்தை அறியலாம்.

இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு துண்டத்துடனும் அது எழுதப்பட்ட காலத்தையும் பதிந்து வைக்கிறது. ஒரு துண்டம் நடப்பு முறைமையில் தேவையற்றதாகும்போது, அது கடைசி நொடிப்படத்திற்குப் பின் எழுதப்பட்டதாயின் உடனே விடுவிக்கப்படும். முன் எழுதப்பட்டதாயின், ஒரு நொடிப்படத்திற்கு உரியதாகப் பட்டியலிடப்படும். இதனால் வட்டு முழுவதையும் தேடாமல் கணக்கிட முடிகிறது.

நெட்ஆப்பின் ஒன்டாப் இயங்குதளத்தில் சேமிப்புத் தொகுதியின் ஒரு பகுதி நொடிப்படங்களுக்கென ஒதுக்கப்படுகிறது. இயல்பான ஒதுக்கீடு முந்தைய பதிப்புகளில் 20 விழுக்காடாகவும் பிந்தைய பதிப்புகளில் 5 விழுக்காடாகவும் அமைந்தது. 'டிஎஃப்' கட்டளை இப்பகுதியைத் தனி வரியில் காட்டும். ஒதுக்கீடு என்பது உச்சவரம்பு அன்று. நொடிப்படங்கள் அதை மீறினால் பயனர்களுக்கான இடத்திலிருந்து எடுத்துக் கொள்ளும். அப்போது அவ்வரியில் 100-க்கும் மேற்பட்ட விழுக்காடு தோன்றும்.

2009-இல் லினக்ஸ் கருனியில் இணைந்த பி.டி.ஆர்.எஃப்.எஸ்., பங்கீட்டுக் குழுக்களின் வாயிலாகச் சுட்டப்படும் அளவையும் தனியுரிய அளவையும் தருகிறது. லினக்ஸின் மரபான எல்.வி.எம். நொடிப்படம் வேறுபட்டது. அதில் பழைய துண்டம் மேலெழுதப்படும் முன், முன்னரே ஒதுக்கிய தனி இடத்திற்கு நகலெடுக்கப்படுகிறது. அவ்விடம் நிரம்பிவிட்டால் அந்த நொடிப்படமே பயனற்றுப் போகும்.

தேவையை மதிப்பிடுதல்

1000 கிகாபைட்டு தரவில் நாள்தோறும் 2 விழுக்காடு மாறுகிறது எனில், நாளுக்கு ஒன்றாக ஏழு நொடிப்படங்களை வைத்திருக்க ஏறத்தாழ 140 கிகாபைட்டு தேவைப்படும். இங்கு எண்ணப்படுவது எழுதப்பட்ட முறைகள் அல்ல. இரு நொடிப்படங்களுக்கு இடையே மாறிய துண்டங்களே. ஒரு துண்டம் ஒரே நாளில் நூறு முறை மேலெழுதப்பட்டாலும் நாள் நொடிப்படத்தில் அதன் ஒரு பழைய வடிவமே எஞ்சும். மணிக்கொரு நொடிப்படம் எடுத்தால் அதே துண்டத்தின் 24 வடிவங்கள் வரை எஞ்சக்கூடும். ஆகையால் தரவுத்தளம் போன்று இடைவிடாது மாறும் கோப்புகளுக்கு நொடிப்பட இடைவெளி இடத்தேவையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முக்கியத்துவம்

சேமிப்பகம் நிரம்பும்போது பயனர்கள் கோப்புகளை அழித்தும் இடம் கூடாமல் இருப்பது வழமையான குழப்பமாகும். அழித்த கோப்பின் துண்டங்கள் நடப்புக் கணக்கிலிருந்து நொடிப்படக் கணக்கிற்கு மாறுகின்றனவே தவிர, வட்டை விட்டு நீங்குவதில்லை. தனியுரிய அளவை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாக நொடிப்படங்களை அழிக்கும் நிர்வாகி, சிறிதளவு இடத்திற்காகப் பல மீட்புப் புள்ளிகளை இழக்க நேரிடலாம். விடுபடும் இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரு வரிசையாக அழிப்பதே ஏற்ற முறையாகும்.

பணயத் தீநிரல் கோப்புகளை மறையாக்கம் செய்யும்போது ஏறக்குறைய எல்லாத் துண்டங்களும் மாறுவதால் நொடிப்பட அளவு திடீரென உயர்கிறது. இவ்வுயர்வு தாக்குதலின் தொடக்க அறிகுறியாக அமையலாம். அதே வேளையில், இடம் குறையும்போது பழைய நொடிப்படங்களைத் தானாக அழிக்குமாறு அமைத்திருந்தால், மீட்புக்குத் தேவையான நல்ல படிகளே முதலில் அழிந்துபோகும் அபாயம் உண்டு.

நொடிப்படம் அதே வட்டுகளையே சார்ந்திருப்பதால் அது காப்புநகலுக்கு ஈடாகாது. வட்டுத் தொகுப்பு பழுதடைந்தால் மூலத்தரவுடன் நொடிப்படங்களும் அழியும்.