அடுப்புப் புகையும் அறைக் காற்றும்

அடுப்பு என்னும் சொல் 'அடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. அடுதல் என்பது சமைத்தல். அதனாலேயே சமையற்கூடத்தை அட்டில் என்று வழங்கினர் முன்னோர். அடுதலுக்குக் கொல்லுதல் என்னும் பொருளும் உண்டென்பது தமிழாசிரியர் அறிந்ததே. இக்கட்டுரையில் அவ்விரண்டாம் பொருளுக்கும் இடம் இருக்கிறது.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், கூடலூர் கிழார் ஒரு புதுமனைவியைக் காட்டுகிறார். தாளிதப் புகை மையுண்ட கண்ணிற் படிய, அவள் தானே துழாவிக் குழம்பு ஆக்குகிறாள். கணவன் உண்டு பாராட்டினான். அவள் முகம் மலர்ந்தது. இல்லற இன்பத்தின் சிறந்த ஓவியமாக அப்பாட்டை நாம் வகுப்பில் நடத்துகிறோம், அது சரியே. ஆயினும், அந்தப் புகை கண்ணோடு நின்றுவிட்டதா, நெஞ்சுக்குள்ளும் சென்றதா என்று கேட்கும் அறிவு நமக்கு மிகவும் பிற்காலத்திலேதான் வந்தது.

விறகு முழுவதும் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியுமே மிஞ்சவேண்டும்; சாம்பல் சிறிது தங்கும். ஆனால் மூன்று கல்லைக் கூட்டி மூட்டிய அடுப்பில் அவ்வாறு முழுமையாக எரிவதில்லை. சூடேறிய மரத்திலிருந்து முதலில் ஆவிகள் கிளம்புகின்றன. அவற்றுக்குப் போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் சுவாலையாகின்றன. கிடைக்காவிட்டால் குளிர்ந்து நுண்துளிகளாகவும் கரித்துகள்களாகவும் மாறுகின்றன. இதுவே நாம் காணும் புகை. ஈர விறகாயின், தீயின் வெப்பத்தில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மழைக்காலத்தில் ஊதுகுழலும் கையுமாக அமர்ந்த பாட்டிமார் இதை எந்த நூலும் படியாமலே அறிந்திருந்தனர்.

கண்ணுக்குத் தெரியும் புகையைவிடத் தெரியாத பகுதியே கொடியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களை மூக்கின் மயிரும் சளியும் தடுப்பதில்லை. அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று படிகின்றன. இதனுடன் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவும் சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் சிவப்புப் பொருளுடன் அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும்.

இதனால் விளையும் கேட்டின் அளவு என்ன? 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் வீட்டுக்குள் உண்டான காற்று மாசினால் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு இருதய நோய், பக்கவாதம், நாட்பட்ட இழைப்பு, நுரையீரற் புற்று என்று பல வடிவங்களில் அது வருகிறது. அடுப்படியில் நிற்பவர் பெண்; அவர் இடுப்பிலோ மடியிலோ இருப்பது குழந்தை. ஆகவே பங்கீடு சமமாக இல்லை.

இவ்வாராய்ச்சிக்கு வழிகோலியவர்களுள் அமெரிக்க அறிஞர் கர்க் ஸ்மித் குறிப்பிடத்தக்கவர். அவரும் இந்தியத் துணைவர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மேலேயே கருவியைப் பொருத்தி அளந்தனர். சமைக்கும் நேரத்துக் காற்றில், கன மீட்டர் ஒன்றுக்குச் சராசரி 7 மில்லிகிராம் அளவில் தூசு இருந்ததென்று 1983இல் அறிவித்தனர். இது பெரிய துகளும் சிறிய துகளும் சேர்ந்த கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதை விளக்க வேறோர் அளவுகோல் இருக்கிறது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தின் குறியீடு 500ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். அக்காலக் கணக்கில் குறியீடு 500 என்பது கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம் நுண்தூசு, அதாவது முக்கால் மில்லிகிராமுக்கும் குறைவு. துகள்களின் அளவு வேறாதலால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் கூடாது. எனினும், ஒரு மாவட்டத்துக்கே அவசரநிலை கொணர்ந்த புகைக்குச் சற்றும் இளைக்காத புகை, ஒரு சமையலறையில் நாள்தோறும் காலையும் மாலையும் எழுகிறது என்று துணிந்து கூறலாம். அங்கே பள்ளியை மூடுவாரில்லை, முகமூடி வழங்குவாருமில்லை.

இவ்வளவு கேடான புகையை நம் மக்கள் ஏன் இத்தனை காலம் பொறுத்தனர்? புகைக்குப் பயனும் இருந்தது என்பதே விடை. கூரை ஓலையைப் பூச்சி அரிக்காமற் காத்தது, பரண்மேல் வைத்த விதையையும் புளியையும் கெடாமல் வைத்தது, கொசுவை விரட்டியது. தோட்டப்புறத்தார்க்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பால்மரத் தோட்டத்தின் புகைக்கூடத்தில், ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுச் சில நாட்கள் விறகுப் புகையூட்டினார்கள். புகையில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் பூஞ்சணம் பிடியாமல் தடுக்கும். பூஞ்சணத்தைக் கொல்லும் பொருள் மனிதனின் மூச்சுக்குழலை மட்டும் வாழ்த்துமா? புகைக்கூடத்தில் சூட்டை அளக்க வெப்பமானி உண்டு. புகையை அளவோடு வெளியேற்றக் கூரையில் திறப்பு உண்டு. சரக்கு விலைபெற வேண்டுமல்லவா! லயத்துச் சமையற்கட்டின் காற்றைக் கணக்கெடுக்க ஒருவரும் வந்ததில்லை.

பரிகாரம் தேடியவர்களின் வரலாறு சுவையானது. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பொன்றை வகுத்து, கோடிக்கணக்கானவர்க்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்னும் கருத்தில் ஒரு நூல் எழுதினார். அது 1953இல் சென்னையில் வெளிவந்தது. இரண்டு மூன்று பாத்திரங்களை ஒரே தீயில் வரிசையாக ஏற்றி, மிஞ்சிய புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேலே அனுப்புவது அதன் அமைப்பு. நம் கொடியடுப்பின் தத்துவமே இதிலும் இருப்பதை வாசகர் உணர்வர். பின்னர் இந்திய அரசு 1983இல் மேம்பட்ட அடுப்புத் திட்டமொன்றைத் தொடங்கி, 2002 வரை நடத்தி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை அமைத்தது. தொகை பெரிது, பயன் சிறிது. அடுப்புவாய் ஊரின் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது, துடைப்பார் இல்லை. மண் வெடித்தது, பூசக் கற்றவர் இல்லை. எத்தனை அடுப்பு கட்டினோம் என்று எண்ணினார்களே தவிர, எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணவில்லை. என் கருத்தில், அடுப்பில் நிற்பவளைக் கேளாமல் அடுப்பு வகுத்ததே அத்திட்டத்தின் அடிப்படைக் குறை.

இனி எரிபொருளை மாற்றுவது. கரியடுப்பில் புகை குறைவு. பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்புக் காடுகளின் பாக்காவ் மரத்தைக் கோலசெப்பத்தாங் சூளைகளில் மூட்டம் போட்டுச் செய்யும் கரி பேர்பெற்றது. ஆனால், புகை இல்லையென்று நம்பிக் கதவடைத்த அறையில் கரியடுப்பை வைப்பது உயிருக்கு ஆபத்து; முற்கூறிய மோனாக்சைடு அதிலிருந்து மிகுதியாக வரும். மண்ணெண்ணெய்த் திரியடுப்பும் தூய்மையானதன்று. ஆவியான எரிவாயு, காற்றோடு நன்கு கலந்து நீலச் சுவாலையாக எரிவதால் துகள் மிகக் குறைவு. இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நம் வீடுகளில் 14 கிலோ கேஸ் தோம்பு இருக்கிறதென்றால், அதற்கு அரசின் மானியமும் ஒரு பெருங்காரணம்.

தமிழகத்தில் 2007ஆம் ஆண்டில் இலவச எரிவாயு அடுப்புகள் வழங்கத் தொடங்கினர். 2016 மே 1ஆம் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் இணைப்புப் பெற்றன. எனினும், முதல் தோம்பு தீர்ந்தபின் அடுத்ததற்குப் பணம் வேண்டும். ஆகவே கேஸ் அடுப்பில் தேநீரும், விறகடுப்பில் சோறும் என்று இரண்டும் எரியும் வீடுகள் பல.

இன்னொரு செய்தியையும் மறையாமல் சொல்லவேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. தமிழகப் பகுதியைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்தினர். பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசம். அவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராமாக இருந்தது. விறகெரித்த மற்றவர்க்கு 103. ஆனால் 2022இல் வெளிவந்த முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! இதைக் கொண்டு விறகடுப்பே போதுமென்பார் தவறுவர். 35 என்பதே உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்த 15 என்னும் எல்லையைவிட இருமடங்குக்கு மேல். கருவுற்றபின் சில மாதங்கள் மட்டும் காற்று சீர்படுவது போதாமலும் இருக்கலாம். அண்டைவீட்டுப் புகையும், எரியும் குப்பையும் தம் கதவைத் தாண்டி வருவதை எந்த அடுப்பு தடுக்கும்?

கேஸ் அடுப்பு வந்துவிட்ட நம் வீடுகளில் இப்பேச்சு ஏன் என்று சிலர் கேட்கலாம். கோலாலம்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 1,500 பேரைக் கொண்டு அஸிஸி, ஹென்றி என்னும் இரு மருத்துவர்கள் நடத்திய ஆராய்ச்சி 1991இல் வெளிவந்தது. வாரத்தில் மூன்று இரவுகளேனும் கொசுவத்திச் சுருளின் புகையில் உறங்கும் பிள்ளைகளிடம் ஆஸ்துமாவும் தொடர்ந்த இழைப்பும் கூடுதலாக இருந்தன. புகைபிடிக்கும் பெரியவருடன் ஒரே அறையில் படுத்த பிள்ளைகளுக்கு நெஞ்சு நோய் கூடுதல். பின்னர் 2003இல், சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை மலேசிய அறிஞர்களும் சேர்ந்து சோதித்தனர். ஒரே ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம். மருந்தின் அளவு சுருளில் சிறிதே. எஞ்சியதெல்லாம் மரத்தூள், தேங்காய்த் தொட்டித்தூள் போன்ற எரிபொருள். ஆக, அட்டிலை விட்டு வெளியேறிய புகை, படுக்கையறையிற் சுருண்டு கிடக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஓர் அறைக்கு ஒரு சன்னலே உண்டு. அதையும் கொசுவுக்கு அஞ்சி அடைத்துவிட்டுச் சுருளைக் கட்டிலுக்கடியில் வைப்பது வழக்கமாகிவிட்டது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்திக்கு முன்னும் கடிப்பது. நள்ளிரவுச் சுருள் அதற்குப் பெரிதும் பயன்படாது. சன்னலுக்குக் கம்பிவலை, கட்டிலுக்குத் துணிவலை, தேங்கிய நீரைக் கொட்டுதல், பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறத்தல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. வகுப்பில் இழைக்கும் மாணவனைக் கண்டால், இரவில் வீட்டில் என்ன எரிகிறது என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். அதன் விடை பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் உதவும்.