எஃப்/22-ல் கோபுரம் ஏன் மங்குகிறது?

மாலை வெயில் மேற்கிலிருந்து சாயும்போது மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் கேமராக்காரர்களைப் பார்க்கலாம். எதிரே கோயிலின் மேற்குக் கோபுரம், அதற்கும் பின்னால் ஏறக்குறைய 120 அடி ராஜகோபுரம். அத்தனை சுதைச் சிற்பமும் துல்லியமாக விழ வேண்டுமென்ற ஆசையில் சிலர் லென்ஸின் துளையான அப்பர்ச்சரை எஃப்/22 வரை சுருக்கிவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினால் சிலைகளின் கண்ணும் மூக்கும் மாவாகக் குழைந்திருக்கும். திட்டு வாங்குவது லென்ஸ்.

துளையைச் சுருக்கினால் கூர்மை கூடும் என்பது ஓர் எல்லை வரைக்கும் சரிதான். முழுதாகத் திறந்த லென்ஸில் ஓரமாக நுழையும் கதிர்கள், நடுவே வரும் கதிர்கள் குவியும் இடத்தில் குவிவதில்லை. இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். சுருக்கச் சுருக்க அந்த ஓரக் கதிர்கள் தடுக்கப்படும். எஃப்/1.8-ல் தொடங்கும் 50 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப்/5.6, எஃப்/8 பக்கத்தில் ஜொலிப்பது இதனால்தான்.

அதைத் தாண்டினால் ஒளியின் குணமே குறுக்கே வரும். குறுகிய துளையில் நுழையும் ஒளி அலை விரிந்து பரவும். பாடப்புத்தகத்தில் படித்த அதே விளிம்பு விளைவு. ஒரு புள்ளி வெளிச்சம் சென்சாரில் புள்ளியாக விழாது. சிறு வட்டமாக, சுற்றிலும் மங்கிய வளையங்களோடு விழும். 1835-ல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்: அலைநீளத்தை எஃப் எண்ணாலும் 2.44-ஆலும் பெருக்கினால் அந்த வட்டத்தின் விட்டம். பச்சை ஒளிக்கு எஃப்/5.6-ல் 7.5 மைக்ரான், எஃப்/22-ல் ஏறக்குறைய 30. இருபத்துநான்கு மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒரு பிக்சலின் அகலமே சுமார் 6 மைக்ரான்தான். லட்ச ரூபாய் லென்ஸும் இந்தக் கணக்குக்குத் தப்பாது.

இந்த விளைவோடு சென்னைக்குப் பழைய உறவு உண்டு. மயிலாப்பூருக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த 18 வயது மாணவர் ஒருவர், செவ்வகத் துளையில் ஒளி சாய்வாக விழுந்தால் விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்து எழுதினார். 1906 நவம்பரில் லண்டனின் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ அதை வெளியிட்டது. சி.வி. ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை அது.

அப்படியானால் சின்னத் துளைக்கு வேலையே இல்லையா? அறுபத்துமூவர் உற்சவத்தில் மாடவீதி நெரிசலில், கையெட்டும் தூரத்துப் பல்லக்கும் பின்னாலிருக்கும் கோபுரமும் ஒரே படத்தில் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/16-க்குப் போகத்தான் வேண்டும். கொஞ்சம் கூர்மையைக் கொடுத்து ஆழத்தை வாங்கும் பேரம் அது, நியாயமானதே. குளக்கரையிலோ எல்லாமே தூரத்தில் இருப்பதால் எஃப்/8 தாராளம்.

பெரும்பாலான செல்போன்களில் இந்தத் தலைவலியே கிடையாது, துளை மாறாது. பிக்சல் ஒரு மைக்ரான் அளவுக்குச் சிறியது. எஃப்/1.8-லேயே ஒளிவட்டம் 2.4 மைக்ரானுக்கு விரிந்துவிடுகிறது. இன்னும் சுருக்க இடமேது?

இதே விளைவை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு. தெப்ப இரவுகளில் முக்காலி போட்டு எஃப்/16-ல் எடுத்தால் ஒவ்வொரு மின்விளக்கும் நட்சத்திரமாகக் கதிர் விடும். துளையை அமைக்கும் தகடுகளின் விளிம்புகள் செய்யும் வேலை இது. எட்டுத் தகடு என்றால் எட்டுக் கதிர். ஒற்றைப்படை என்றால் இரட்டிப்பாகும். ஏழு தகட்டுக்குப் பதினான்கு.